கத்த ஓர் இடம், காது கொடுக்க ஓர் இடம்

“உஷ்… சத்தம் போடாதே!”

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலை அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான். ஆறு வயதுப் பையன் ஒருவன் மரம் முழுக்க நாரைகள் உட்கார்ந்திருப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறான். சந்தோஷம் தாங்கவில்லை. “அம்மா… அங்க பாரும்மா!” என்று கத்திவிடுகிறான். பக்கத்தில் கேமராவோடு நிற்கிறவர் முகம் சுளிக்கிறார். அம்மாவுக்குச் சங்கடம், பையன் முதுகில் ஒரு தட்டு விழுகிறது. கூட வந்த தாத்தாவுக்குக் கோபம். “புள்ளைங்கன்னா சத்தம் போடத்தான் செய்யும். இதுக்குப் போயி அடிப்பியா?”

திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் லீவு நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்களுக்கு இப்படி ஒரு காட்சி புதிதல்ல. கேமராக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தாத்தா பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை தீராமல் நடக்கிறது.

ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருக்காக அமைதி வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

வாரம் முழுக்க மூடிவைத்த சத்தம்

திண்டிவனம் என்ற பெயரே ‘திந்திரிணி வனம்’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். திந்திரிணி என்றால் புளியமரம். ஒரு காலத்தில் புளியங்காடாக இருந்த ஊர். புளியமரத்தடி என்றால் கிட்டிப்புள்ளும் கண்ணாமூச்சியும் நடக்கும் இடம். அங்கே எவ்வளவு கத்தினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது அதே ஊரில் ஒரு குழந்தை எங்கே போய்க் கத்த முடியும்? தெருவில் பைக்கும் காரும் நிற்கின்றன. பள்ளி மைதானம் லீவு நாளில் பூட்டியிருக்கிறது. மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். வகுப்பில் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து.’ டியூஷனில் அதேதான். வீட்டில் அப்பா போனில் பேசுகிறார், அமைதி வேண்டும். திங்கள் முதல் சனி வரை இப்படி அடைத்து வைத்த குழந்தையை ஞாயிறு காலை ஏரிக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம். அது ஓடாமல் என்ன செய்யும்?

ஆக, பறவைகள் சரணாலயத்தில் கேட்கும் கூச்சலில் பாதி ஊரில் விளையாட இடமில்லாததால் வருவது. இதைப் புரிந்துகொள்ளாமல் பிள்ளையை மட்டும் குறை சொல்வது சரியில்லை.

பறவைக்குச் சத்தம் என்ன செய்யும்?

அடுத்து, மறுபக்கம். கேமராக்காரர் கோபப்படுவது தன் படம் கெட்டுவிட்டதே என்பதற்காக இருக்கலாம். ஆனால் பறவையின் கஷ்டம் அதைவிடப் பெரியது.

வேடந்தாங்கல் பெரிய இடம் அல்ல. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டுகின்றன. அடை காக்கும் தாய்ப்பறவை திடுக்கிட்டு எழுந்து பறந்தால் கூடு காலியாகிவிடும். அந்தச் சில நிமிடத்துக்காகவே காகமும் பருந்தும் காத்திருக்கும். முட்டை போய்விடும். இறகு முளைக்காத குஞ்சாக இருந்தால், தாயின் நிழல் இல்லாமல் வெயிலிலேயே வாடிவிடும்.

மரக்காணம் பக்கம் இருக்கும் கழுவெளியில் பிரச்சினை வேறு. மரக்காணம், வானூர் தாலுகாக்களில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் உப்பும் நன்னீரும் கலந்த சதுப்பு நிலம் அது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் பறவைகள் இங்கே வருவது சாப்பிடத்தான். திரும்பிப் போகும் பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். கூட்டத்தை நோக்கி ஒரு குழந்தை ஓடினால் அத்தனையும் எழுந்து பறக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். செல்போனில் வீடியோ எடுக்கவும் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் சேர்த்த சக்தியில் கொஞ்சம் வீணாகிறது. காலை முதல் மாலை வரை பத்துக் குடும்பம் இதையே செய்தால்?

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்கு உள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டுகின்றன. கீழே பிள்ளைகள் விளையாடுவார்கள், பெண்கள் பேசிக்கொண்டே வேலை பார்ப்பார்கள், மாடு கத்தும். பறவை அசைவதில்லை. தினமும் கேட்கும் சத்தம் பழகிவிடுகிறது. பழகாதது மூன்றுதான்: திடீரென்று எழும் சத்தம், தன்னை நோக்கி ஓடிவரும் உருவம், எறியப்படும் கல். குழந்தை பேசுவதும் சிரிப்பதும் பெரிய ஆபத்தில்லை. அலறலும் ஓட்டமும்தான் ஆபத்து.

ஆகவே “பேசாதே” என்பதைவிட “ஓடாதே, அலறாதே” என்பது சரியான கட்டளை. குழந்தையால் செய்யக்கூடியதும் அதுதான்.

கல்லுக்குக் காது இல்லை

அமைதியான இயற்கைப் பூங்கா என்றாலே எல்லா இடத்திலும் வாயை மூட வேண்டும் என்பதில்லை. அதற்கு நல்ல உதாரணம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

வானூர் தாலுகாவில் உள்ள திருவக்கரைக்குப் பௌர்ணமி தோறும் வக்கிரகாளியம்மனைக் கும்பிடக் கூட்டம் போகும். அந்த ஊரிலேயே கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, கல்லாகவே மாறிப்போன மரங்கள். பட்டை, வளையம் எல்லாம் மரம் மாதிரியே தெரியும், தட்டினால் கல். 1781-லேயே சோனெரா என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பற்றி எழுதிவிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக வைத்துப் பாதுகாக்கிறது.

2 கோடி ஆண்டாகப் படுத்திருக்கும் கல்மரம் ஒரு குழந்தை கத்தினால் எழுந்து ஓடாது. அங்கே பிள்ளைகள் “டேய், இது கல்லுடா!” என்று ஆச்சரியத்தில் கூவினால் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் அதன்மேல் ஏறிக் குதிப்பது, சில்லு உடைத்துப் பையில் போட்டுக்கொள்வது, ஆணியால் பெயர் கீறுவது ஆகிய மூன்றும் நஷ்டம். போன துண்டு திரும்ப முளைக்காது.

அதாவது, வேடந்தாங்கலில் அடக்க வேண்டியது காலையும் குரலையும். திருவக்கரையில் அடக்க வேண்டியது கையை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விதி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம். காரணத்தைச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். காரணம் சொல்லாமல் எல்லா இடத்திலும் “உஷ்” என்றால், அது எங்கேயும் கேட்காது.

உலகம் என்ன சொல்கிறது?

குழந்தைகளின் சத்தம் பற்றிய சண்டை நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஜப்பானின் நகானோ நகரத்தில் 2004-ல் திறந்த ஒரு சிறுவர் பூங்கா 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. காரணம், பக்கத்தில் வசிப்பவர்களிடமிருந்து வந்த சத்தப் புகார். நாடு முழுக்க அது பேச்சானது. அதே ஜப்பானில் தோக்கியோ மாநகரம் 2015-ல் தன் சத்தக் கட்டுப்பாட்டு விதியைத் திருத்தி, பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளின் குரலை அந்த டெசிபல் அளவுக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. ஜெர்மனி 2011-லேயே சட்டம் திருத்தி, மழலையர் காப்பகத்திலும் விளையாட்டுத் திடலிலும் எழும் குழந்தைகள் சத்தத்தைப் பொதுவாக ‘கெடுதலான சத்தம்’ என்று சொல்ல முடியாதபடி செய்தது.

1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-ல் இதை ஏற்றுக்கொண்டது.

நகானோவிலும் பெர்லினிலும் சத்தம் கேட்டவர் மனிதர். அவரால் ஜன்னலைச் சாத்திக்கொள்ள முடியும். புகார் எழுத முடியும். கூட்டில் இருக்கும் குஞ்சால் இரண்டும் முடியாது. அதனால்தான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் தடை செய்கிறது. விளையாட்டுத் திடலில் குழந்தைக்கே முதல் உரிமை. கூடு இருக்கும் இடத்தில் குஞ்சுக்கு முதல் உரிமை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானதல்ல, இடம் மாறாமல் பார்த்துக்கொண்டால்.

வெடி வெடிக்காத பிள்ளைகள்

“குழந்தைகளிடம் போய் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா?” என்று கேட்பவர்கள் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியைப் பார்க்க வேண்டும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர் அது. தீபாவளிக்கு அந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்காது. பல பத்தாண்டுகளாக இதுதான் பழக்கம். கண்மாயில் குஞ்சு பொரிக்கும் பறவைகள் பயந்துவிடும் என்று ஊரே சேர்ந்து எடுத்த முடிவு. வனத்துறை தீபாவளியின்போது ஊர் மக்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கு வெடி இல்லை என்றால் அதில் அதிகம் இழப்பது யார்? அந்த ஊர்ப் பிள்ளைகள்தான். பக்கத்து ஊரில் சரவெடி கேட்கும்போது தன் ஊரில் கம்பி மத்தாப்போடு நிற்கிற பிள்ளை அது. அது ஏன் சம்மதிக்கிறது? பயத்தால் அல்ல. அந்தப் பறவைகள் ‘நம்ம ஊர்ப் பறவைகள்’ என்று அதற்குத் தெரியும்.

வேடந்தாங்கல் கதையும் இதேதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கம் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-ல்தான். அதற்கு முன்பே அந்த ஊர், தலைமுறை தலைமுறையாகத் தன் பிள்ளைகளுக்கு அமைதியைச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறது.

உண்மையில் சத்தம் போடுவது யார்?

ஒருநாள் சரணாலயத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். செல்போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுகிறவர் குழந்தை அல்ல. ப்ளூடூத் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு வைப்பவர் குழந்தை அல்ல. பார்க்கிங்கில் ஹாரன் அடிப்பவரும், “பறவையைக் கிளப்பி விடு, வீடியோ எடுக்கிறேன்” என்று சொல்பவரும் குழந்தை அல்ல. ஆனால் ‘உஷ்’ என்ற வார்த்தை மட்டும் குழந்தையை நோக்கியே வருகிறது. பெரியவரைக் கேட்கத் தயக்கம். சின்னவரை அதட்டுவது சுலபம்.

பிள்ளை அமைதியைக் கற்றுக்கொள்வது பார்த்துத்தான். அப்பா போனை சைலண்டில் போட்டு, குரலைத் தாழ்த்தினால் பிள்ளையும் தாழ்த்தும்.

போவதற்கு முன், போன பின்

சில எளிய வழிகள். காசு செலவில்லை.

• முதலில் ஓட விடுங்கள். ஏரிக்குப் போகும் முன் வழியில் ஏதாவது திறந்த இடத்தில் அரை மணி நேரம் ஓடி, கத்தி, விளையாடட்டும். மரக்காணம் போகிறவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது. கடலலைக்கு முன்னால் எந்தக் குழந்தையின் சத்தமும் பெரிய சத்தமில்லை. மனசு தீரக் கத்திவிட்டு வந்த பிள்ளை ஏரிக்கரையில் தானாக அடங்கும்.

• காரணத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். “அங்க குட்டிப் பாப்பா பறவைங்க தூங்குது. நாம கத்துனா அதோட அம்மா பயந்து பறந்துடும். அப்புறம் காக்கா வந்துடும்” என்று வண்டியிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். தம்பிப் பாப்பா தூங்கும்போது மெதுவாக நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது தெரியாதா?

• வேலை கொடுங்கள். ‘ஸ்டேச்சூ’ விளையாட்டு தெரியாத பிள்ளை இல்லை. ஏரிக்கரையில் அதை விளையாடலாம்: பறவை தலை திருப்பும்வரை யாரும் அசையக் கூடாது. இன்னொன்று, கண்ணை மூடி எத்தனை விதமான குரல் கேட்கிறது என்று விரல் மடக்கி எண்ணுவது. சும்மா இரு என்றால் இருக்காத பிள்ளை, எண்ணு என்றால் எண்ணும்.

• நேரம் குறைவாக இருக்கட்டும். சின்னப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிட அமைதியே பெரிது. 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே கணக்குதான்: குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளைக் குறித்து அனுப்பலாம். வீட்டு மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். சரணாலயத்துக்குப் போகும் முன் நல்ல ஒத்திகை.

• வயதுக்கு ஏற்ற இடம். மூன்று வயதுப் பிள்ளைக்குத் திருவக்கரை வசதி. ஏழெட்டு வயதுக்கு மேல் வேடந்தாங்கல். பொறுமையாகத் தொலைவில் நின்று பார்க்கத் தெரிந்த பிறகு கழுவெளி.

• அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் பேசும் விதம். அதட்டாதீர்கள். “தம்பி, இங்க வா. இந்தக் கூட்டுல மூணு குஞ்சு இருக்கு, தெரியுதா?” என்று பைனாகுலரைக் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு சத்தம் வராது.

இன்னும் ஒன்று, முக்கியமானது. சில குழந்தைகளால் குரலை அடக்க முடியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளை சந்தோஷத்தில் ஒலி எழுப்பும்; கையை அசைக்கும். அது குறும்பும் அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. அந்தத் தாய் ஏற்கெனவே கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் எல்லார் பார்வையையும் தாங்கிக்கொண்டு வந்தவள். ஏரிக்கரையிலும் முறைக்க வேண்டாம். கூட்டமில்லாத வார நாளில், கூடுகளிலிருந்து தள்ளிய இடத்தில் அந்தப் பிள்ளையும் வானத்தைப் பார்க்கட்டும். அதற்கு வழி செய்வது நிர்வாகத்தின் வேலை.

நிர்வாகம் செய்யக்கூடியது வேறும் உண்டு. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குப் பதிலாக, ஏன் என்று இரண்டே வரியில், பிள்ளைகள் கண் உயரத்தில், படத்தோடு எழுதலாம். வாசலுக்கு வெளியே, கூடுகளுக்கு எட்டாத தூரத்தில், ஓடி விளையாடச் சின்னத் திடல் ஒன்று விடலாம். விழுப்புரம், திண்டிவனம் நகரங்களில் லீவு நாளில் பள்ளி மைதானங்களைத் திறந்து விட்டால் அது இதையெல்லாம்விடப் பெரிய உதவி. ஊருக்குள் கத்த இடம் கிடைத்த பிள்ளை ஏரியில் வந்து கத்த வேண்டியதில்லை.

ஏரிக்காகக் குரல் கொடுக்க

2020-ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை எழுந்தது. அப்போது தமிழ்நாடு முழுவதிலிருந்தும் எதிர்ப்புக் குரல் கிளம்பியது. பறவைகளால் மனு எழுத முடியாது. யாராவது அவற்றுக்காகச் சத்தம் போட வேண்டியிருந்தது, போட்டார்கள்.

நாளைக்குக் கழுவெளிக்கோ, ஏதோ ஓர் ஊர்ப் புளியந்தோப்புக்கோ அப்படி ஒரு நாள் வரலாம். அன்றைக்குப் பேச, அந்த இடத்தைச் சின்ன வயதில் கண்ணாரப் பார்த்தவர்கள் வேண்டும். “சத்தம் போடாதே” என்று மட்டும் கேட்டு, திட்டு வாங்கித் திரும்பிய பிள்ளைக்கு அந்த ஏரி ஒரு கசப்பான ஞாபகம். அடுத்த தடவை அது போனைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும். மெதுவாக நடந்து, கூட்டுக்குள் அசையும் குஞ்சைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அது தன் ஏரி.

எங்கே அமைதியாக இருப்பது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான், எங்கே குரல் எழுப்புவது என்றும் தெரியும்.